தௌலத் கி சாட் படத்தில் நுரை சாம்பலாக வருகிறது, நீலமும் அடிக்கிறது: ஞாயிற்றுக்குள் உதவி தேவை

கோல்மார்க்கெட்_வாசி:
வணக்கம். பழைய தில்லி கினாரி பஜாரில் எடுத்த தௌலத் கி சாட் (குளிர்காலத்தில் விற்கும் பால்நுரை இனிப்பு) படங்கள் எல்லாமே கெட்டுப்போய் வந்திருக்கின்றன. நேரில் பால்வெள்ளை நுரை, மேலே குங்குமப்பூ போட்ட லேசான மஞ்சள். படத்தில் அழுக்குச் சாம்பல், அதில் நீலம் வேறு. நுரை என்றே தெரியவில்லை, சிமெண்ட் பூசின மாதிரி இருக்கிறது. எங்கள் குடியிருப்பின் பொங்கல் மலருக்கு அட்டைப் படம் இதுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலை மறுபடி போகிறேன். என்ன மாற்ற வேண்டும்? ஒரு படம் இணைத்திருக்கிறேன்.

நொய்டா_செக்டர்62:
போனா, கேமராவா? எந்த நேரம்? வெயிலா, நிழலா? பிளாஷ் போட்டீர்களா? எதுவும் சொல்லாமல் என்ன மாற்றச் சொல்வது?

யமுனைக்கரை:
புகைமூட்டம்தான், சந்தேகமே வேண்டாம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை தில்லியில் எதை எடுத்தாலும் சாம்பல் படியும். இந்தியா கேட் படம் எடுத்துப் பாருங்கள், இதே கதைதான். எடிட் செய்யும்போது டிஹேஸ் (புகைமங்கலை நீக்கும் வசதி) கூட்டுங்கள், சரியாகிவிடும்.

மயூர்விஹார்_கட்டம்1:
@யமுனைக்கரை, இந்தியா கேட் அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, நடுவில் புகை இருக்கும். இங்கே தட்டு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. டிஹேஸ் கூட்டினால் நீலம் இன்னும் ஏறும், நுரையின் ஓரமெல்லாம் கறுக்கும். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

சாப்பாட்டு_ராமன்_தில்லி:
லென்ஸைத் துடைத்தீர்களா? சாந்தினி சௌக்கில் ஜலேபி தின்ற கையோடு போனை எடுத்தால் லென்ஸில் நெய் ஒட்டும். என் படங்களில் பாதி அப்படித்தான் மங்கும். வேட்டித் துணியில் துடையுங்கள்.

பழைய_லென்ஸ்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தடவை வந்தாயிற்று! யாரும் பழைய இழைகளைத் தேடிப் பார்ப்பதே இல்லை. வெள்ளைப் பொருளை ஆட்டோவில் எடுத்தால் சாம்பலாகத்தான் வரும், இது பாலபாடம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குப் பாலும் தெரியாது, நுரையும் தெரியாது. எதைக் காட்டினாலும் 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பும் நடுச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். கிரே கார்டு (அந்த நடுச் சாம்பல் நிற அட்டை) ஒன்று வாங்குங்கள், எல்லாவற்றையும் கையால் வைக்கும் மேனுவலுக்கு வாருங்கள். நாங்கள் 36 படம் கொண்ட பிலிம் ரோலில் கற்றுக்கொண்டோம்; ஒரு படம் போனாலும் காசு. இன்று கேமரா வாங்கிய மறுநாளே அட்டைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

நொய்டா_செக்டர்62:
@பழைய_லென்ஸ் சார், சாம்பலுக்கு நீங்கள் சொன்ன காரணம் சரி. அதை ஒரு புதியவருக்கு இப்படியா சொல்வது? அப்புறம், நீலம் ஏன் வந்தது என்று நீங்களும் சொல்லவில்லை.

கோல்மார்க்கெட்_வாசி:
கேமராதான். 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8. காலை எட்டரை இருக்கும். பிளாஷ் இல்லை. ஆபீசில் இருக்கிறேன், இரவு வருகிறேன்.

கிழக்கு_ஜன்னல்:
இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய தட்டின் எவர்சில்வர் விளிம்பைப் பாருங்கள், மேலே இருப்பது அதில் அப்படியே தெரிகிறது. கடைக்காரர் தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார், அல்லவா? உங்கள் நீலம் அங்கிருந்துதான் வருகிறது. தார்ப்பாய் வழியாக இறங்கும் வெளிச்சம் முழுக்க நீலம். போதாததற்கு வலது ஓரத்தில் நகைக் கடை பல்பின் மஞ்சள் ஒரு கீற்று விழுந்திருக்கிறது. இரண்டு நிறமும் ஒரே நுரையில் கலந்த பிறகு ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) எங்கே நகர்த்தினாலும் ஒரு பக்கம் கெடும். நீலத்தை எடுத்தால் வலது பக்கம் ஆரஞ்சாகும்.

அதனால் வீட்டில் திருத்துவதை விட அங்கேயே இடம் மாறுவது நல்லது. தட்டை நகர்த்த முடியாது. மூங்கில் முக்காலி மேல், மெல்லிய துணி மூடி, அவருடைய மொத்த நாள் பிழைப்பே அதில் இருக்கிறது. ஆனால் ஒரு தொன்னை வாங்கி, இரண்டடி தள்ளித் தார்ப்பாய்க்கு வெளியே, திறந்த வானம் தெரியும் நிழலில் வைக்கலாம். அங்கும் கொஞ்சம் நீலம் இருக்கும், அது வானத்தின் நீலம். ஒயிட் பேலன்ஸை ஷேடில் வைத்தால் (ஏறக்குறைய 7,000 கெல்வின்) போய்விடும். ஒரு வெள்ளைத் தாளை அதே இடத்தில் பிடித்து கஸ்டம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ரா கோப்பாகவும் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) சேமியுங்கள்.

சாம்பலுக்கு மேனுவல் தேவையில்லை. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1-ல் வைத்து ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். மேடு வலது பக்கம் போக வேண்டும், ஆனால் சுவரில் முட்டக் கூடாது. முட்டினால் குமிழிகள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டு ஆகிவிடும்.

நுரை நுரையாகத் தெரிய வெளிச்சம் பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ வர வேண்டும். சந்தின் திறந்த முனை தொன்னைக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். அப்போது ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு குமிழியும் தனியாக ஒளி வாங்கும், குங்குமப்பூ நுரை உள்ளிருந்தே மஞ்சளாகத் தெரியும். நேராக முன்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் இதில் எதுவும் வராது.

ஆர்கேபுரம்_மாமி:
அருமையாகச் சொன்னீர்கள். ஃபோகஸையும் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளை மேல் வெள்ளை என்றால் ஆட்டோஃபோகஸுக்குப் பிடி கிடைக்காது, முன்னும் பின்னும் அலையும். மேலே கிடக்கும் பிஸ்தாச் சீவலில் வையுங்கள், பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ள கோட்டை உடனே பிடித்துக்கொள்ளும். 1.8-ல் அவ்வளவு கிட்டப் போனால் பிஸ்தா மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் கரைந்துவிடும். லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 4 அல்லது 5.6 வையுங்கள். எல்லாவற்றையும் முன்னாடியே தயாராக வைத்துக்கொண்டு பிறகு வாங்குங்கள் தம்பி. பனி வற்றிய பிறகு அந்த நுரை நிற்காது.

யமுனைக்கரை:
மாமி சொன்னதுதான் ரகசியம், பனி! பாலைக் காய்ச்சி இரவு முழுக்க மொட்டைமாடியில் திறந்து வைத்தால் அதில் பனித்துளி இறங்கும். அந்தப் பனிதான் நுரையாகிறது. அதனால்தான் குளிர்காலம் தவிர இது கிடைப்பதில்லை.

மயூர்விஹார்_கட்டம்1:
பனித்துளி எப்படி நுரையாகும்? காற்றுதான் நுரை. பாலும் கிரீமும் நன்றாகக் குளிர்ந்தால் கொழுப்பு இறுகும். விடியற்காலையில் கடையும்போது உள்ளே போகும் காற்றைப் பால்புரதமும் அந்தக் கொழுப்பும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சூடு ஏறினால் கொழுப்பு இளகும், நுரை உட்காரும். வேண்டியது குளிர்தான், பனித்துளி இல்லை. இண்டியன் ஆக்சென்ட் உணவகத்திலும் இதைப் பரிமாறுகிறார்கள். அங்கே என்ன, மொட்டைமாடியில் பனிக்காகவா காத்திருக்கிறார்கள்?

யமுனைக்கரை:
அங்கே பக்கத்தில் போலி ரூபாய் நோட்டு வைத்துத் தருகிறார்கள். அதைத் தின்று பார்த்துவிட்டுக் கினாரி பஜார் பெரியவரிடம் வந்து சொல்லுங்கள். அவர் தாத்தா காலத்திலிருந்து பனியில் வைக்கிறார்கள். அவர்கள் கைக்குத் தெரிந்ததை நம் பள்ளிப் பாடம் மறுக்க வேண்டாம்.

ஆர்கேபுரம்_மாமி:
நான் பனி என்று சொன்னது குளிரைத்தான். ஆனால் பெரியவர் செய்வதும் வீண் இல்லை. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் தில்லியில் பாலைக் குளிர வைக்க ஜனவரி மாடியை விட்டால் வேறு எது? லக்னோவில் இதையே நிமிஷ், மக்கன் மலாய் என்கிறார்கள், காசியில் மலையோ. அங்கெல்லாமும் குளிர்காலத்துக் காலையில்தான் விற்கிறார்கள்.

சாப்பாட்டு_ராமன்_தில்லி:
காசி மலையோவின் பக்கத்தில் இது நிற்காது. மண் குல்லடில் தருவார்கள், ஏலக்காய் வாசம் தூக்கும்.

யமுனைக்கரை:
தௌலத் கி சாட்டில் பால்கோவாவும் பூரா என்னும் தூள் சர்க்கரையும் தூவுகிறார்களே, அந்தக் கரகரப்பு மலையோவில் உண்டா? லேசான நுரையில் அந்தச் சர்க்கரை பல்லில் படும் இடம்தான் இதன் உயிர்.

பழைய_லென்ஸ்:
இது புகைப்பட இழை. தின்பண்டச் சண்டைக்கு வேறு இடம் பாருங்கள். தார்ப்பாயைக் கண்டுபிடித்தவருக்குப் பாராட்டு. விளிம்பில் தெரியும் பிம்பத்தைப் படிக்கத் தெரிவதுதான் படிப்பு. ஆனால் கிரே கார்டு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. வெள்ளைத் தாள் என்று கடையில் விற்பதில் பாதிக்கு மேல் நீலச் சாயம் கலந்தது.

கிழக்கு_ஜன்னல்:
@பழைய_லென்ஸ், அது நியாயம்தான். தாளை விட கார்டு நம்பகமானது. @கோல்மார்க்கெட்_வாசி, கார்டு இருந்தால் அதையே பிடியுங்கள். இன்னொன்று, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முதலில் வாங்குங்கள், வாடிக்கையாளருக்கு வழியை மறைக்காமல் நில்லுங்கள். எட்டரைக்குக் கூட்டம் சேர்ந்திருக்கும். கொஞ்சம் முன்னால் போனால் அவருக்கும் பேச நேரம் இருக்கும்.

நொய்டா_செக்டர்62:
ஞாயிறு தாண்டிவிட்டது. என்ன ஆயிற்று? படம் வந்ததா?

கோல்மார்க்கெட்_வாசி:
வந்தது, எல்லோருக்கும் நன்றி. தார்ப்பாய்க்கு வெளியே, +1, ஷேட், எஃப் 4, பிஸ்தாவில் ஃபோகஸ். குமிழி குமிழியாகத் தெரிகிறது. பெரியவரே தொன்னையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்தார். இன்று மாலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படியே கொடுக்கலாமா?

கிழக்கு_ஜன்னல்:
நல்ல செய்தி. கொடுக்கும் முன் எடிட் செய்யும் மென்பொருளில் நுரையின் மிக வெளுத்த இடத்தின் வெளிச்ச அளவைப் பாருங்கள் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை). 255 என்று இருந்தால் அங்கே மையே விழாது, வெறும் காகிதம்தான் தெரியும். நுரையில் ஓட்டை விழுந்தது போலாகும். 245க்குக் கொஞ்சம் இறக்குங்கள். கணினித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள், அச்சில் எப்போதும் ஒரு படி இருண்டே வரும். அட்டை என்பதால் சோதனைப் படி ஒன்று கேட்டு வாங்குங்கள், அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.