கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் செட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நான் வேலை பார்த்த மொத்த வியாபாரக் கடையில் கல்லாப் பணம் குறைகிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று கல்லாச் சாவி என்னிடம் இருந்தது, அவ்வளவுதான் ஆதாரம். நம் ஆட்கள் பலர் இப்படி மாட்டியும் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் முதலில் ஓர் அச்சடித்த தாளை நீட்டினார்கள். கைதானவரின் உரிமைகள் அதில் இருக்கும். பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லாவிட்டால் அரசு செலவில் வக்கீல் தரும் லீகல் எய்ட் கேட்கலாம். எல்லாம் இந்த நாட்டு 1996 அரசியல் சட்டத்தின் 35வது பிரிவில் உள்ளவை. உரிமைகளைச் சொன்னார்கள் என்பதற்குத்தான் அதில் கையெழுத்து. குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகாது. நிதானமாகப் படித்துவிட்டுப் போட்டேன்.

வில்லங்கம் அடுத்த தாளில்தான். அந்த அதிகாரி மிரட்டவே இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, கூடப் பிறந்த அண்ணன் மாதிரிப் பேசினார். “பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று மட்டும் எழுதிக் கொடு. முதலாளியிடம் பேசி ராத்திரியே அனுப்பிவிடுகிறேன்.” பேனாவையும் மூடி கழற்றி என் பக்கம் தள்ளினார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மறுநாள் கோயிலில் பூஜை. யாருக்குமே கை போகும். ஆனால் எடுக்காத பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றால் எடுத்தேன் என்றுதானே ஆகிறது? “வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன் சார்.” எத்தனை விதமாகக் கேட்டபோதும் இதையே சொன்னேன். குரலை உயர்த்தவில்லை.

48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் திங்கள்கிழமை கோர்ட் நாள் வரை இழுக்கலாம். வெள்ளிக்கிழமை கைதானால் சனி, ஞாயிறு உள்ளேதான் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சின்னக் குற்றமென்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கலாம், வக்கீலை விட்டுக் கேளுங்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையோடு டாக்டர் சீட்டையும் கொண்டுவந்த மனைவி, அதை ஸ்டேஷன் பதிவேட்டில் எழுத வைத்த பிறகுதான் நகர்ந்தாள்.

என்னைக் காப்பாற்றியதும் அவள்தான். சனிக்கிழமை காலையிலேயே எங்கள் கடைக்கு எதிரே உள்ள மருந்துக் கடைக்குப் போய், அவர்கள் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கேட்டாள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், தாமதித்தால் போச்சு. அப்புறம் வக்கீல் முறைப்படி கடிதம் கொடுத்தார். பணம் போன நேரத்தில் நான் வெளியே லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது அந்தப் பதிவில் தெளிவாகத் தெரிந்தது. கேஸை வாபஸ் வாங்கினார்கள். நடுவில் என் மைத்துனர் முதலாளியை நேரில் கேட்கிறேன் என்று கிளம்பினார். வக்கீல் தடுத்தார். சாட்சியை மிரட்டினார்கள் என்று வந்தால் ஜாமீனே போய்விடுமாம். ஜாமீன் பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தவறாமல் ஆஜரானால் கேஸ் முடிந்ததும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்.

டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை:

அண்ணா, படிக்கும்போதே வயிறு கலங்கியது. எங்கள் அத்தை மகன் அப்படி நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். கடையில் சாமான் திருடியதாகப் பிடித்து, “குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டு, கோர்ட்டுக்கே வர வேண்டாம்” என்றார்கள். வண்டி அபராதம் போலத்தான் என்று நினைத்துக் கட்டிவிட்டான். பல வருஷம் கழித்து வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் எடுத்தால், திருட்டுக் குற்றவாளி என்று வருகிறது! அந்தப் பதிவை அழிக்க விண்ணப்பிப்பதென்றால் 10 வருஷம் போக வேண்டும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் ஹைகோர்ட்டுக்குப் போய் அந்தத் தண்டனையை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தச் செலவுக்கு அவன் எங்கே போவான்? யாராவது இப்படிச் சொன்னால் தயவுசெய்து கட்டாதீர்கள்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி:

ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஒன்று. இந்திய பாஸ்போர்ட் என்றால் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். டர்பனிலும் துணைத் தூதரகம் உண்டு. கோர்ட்டில் இங்கிலீஷ் ஓடவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதுவும் உரிமைதான். புரியாத கேள்விக்கு “யெஸ்” சொல்லி மாட்டியவரை எனக்குத் தெரியும். அண்ணே, வாபஸ் என்றால் முழு விடுதலையா?

மீண்டும் நான்:

இல்லை தம்பி. குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா இல்லையா என்று கோர்ட்டில் கேட்பதற்கு முன்னால் வாபஸ் வாங்கினால், புது ஆதாரம் வந்தால் திரும்ப எடுக்கலாம். குற்றமில்லை என்று சொல்லி விசாரணை தொடங்கிய பிறகு வழக்கை நிறுத்தினால்தான் விடுதலை. அதனால் காகிதம் எதையும் நான் தூக்கிப் போடவில்லை. அநியாயக் கைதுக்குப் போலீஸ் மேல் நஷ்ட ஈடு கேட்பதானால் 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கேஸ் முடியட்டும் என்று காத்திருக்காமல் முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் இதைக் கேளுங்கள்.