மறுமொழி: துர்க்கேமின் ‘கோன்சியான்ஸ்’ – மனசாட்சியா, பிரக்ஞையா, வேறா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஸ்டீவன் லூக்ஸ் பற்றிய கட்டுரை வரைவுக்காகத் தொடங்கிய இழையில், பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கேமின் ‘கோன்சியான்ஸ் கொலெக்தீவ்’ (ஒரு சமூகத்தாருக்குப் பொதுவான நம்பிக்கைகளும் உணர்வுகளும் சேர்ந்த அமைப்பு) என்ற தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. ‘கூட்டு மனசாட்சி’, ‘கூட்டுப் பிரக்ஞை’, பிரெஞ்சுச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்து எழுதுவது. மூன்றும் எனக்கு உடன்பாடில்லை. நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன். மடல் நீளமாகிவிட்டது, பொறுத்தருள்க.

> லூக்ஸே அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்க்காமல் விட்டுவிட்டார். அவர் ஒதுங்கிய இடத்தில் நாம் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்?

ஐயா சொல்வதில் பாதி சரி. லூக்ஸ் ஆக்ஸ்போர்டில் மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்டின் மேற்பார்வையில் துர்க்கேமை ஆய்ந்தவர். அந்த ஆய்விலிருந்து விளைந்த பெருநூல், துர்க்கேமின் வாழ்வையும் எழுத்தையும் பற்றியது, 1972இல் வெளிவந்தது. முன்னுரையின் தொடக்கத்திலேயே இந்தச் சொல்லைத்தான் பிரித்துப் பார்க்கிறார். பிரெஞ்சில் ‘கோன்சியான்ஸ்’ என்ற ஒரே சொல் நல்லது கெட்டது உணர்வதையும் குறிக்கும், அறிந்திருப்பதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அவற்றுக்கு இரு வேறு சொற்கள். எதை எடுத்தாலும் மற்றது விடுபட்டுப்போகும் என்பதால் அவர் பிரெஞ்சையே வைத்துக்கொண்டார்.

ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். அதே லத்தீன் வேரிலிருந்து வந்த ‘கான்ஷியன்ஸ்’ அந்த வாசகரின் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்ததும் பாதிப் பொருள் அவருக்குத் தானாகவே கிடைத்துவிடும், மீதியை முன்னுரை தந்துவிடும். தமிழில் ‘கோன்சியான்ஸ் கொலெக்தீவ்’ என்று எழுதினால் வாசகருக்கு ஒலி மட்டுமே மிஞ்சும். லூக்ஸின் முடிவைப் பின்பற்றுவதாக எண்ணிக்கொண்டு அதற்கு நேர் எதிரான விளைவைத்தான் நாம் உண்டாக்குவோம்.

மற்ற இரண்டு பரிந்துரைகளும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். இந்தத் தொடர் இடம்பெறும் முதன்மையான நூல் 1893இல் வந்த, உழைப்புப் பிரிவினை பற்றிய ஆய்வு. அதை 1933இல் ஆங்கிலமாக்கிய ஜார்ஜ் சிம்ப்சன் ‘கான்ஷியன்ஸ்’ என்றார். 1984இல் மீண்டும் பெயர்த்த டபிள்யூ. டி. ஹால்ஸ் ‘கான்ஷியஸ்னஸ்’ என்றார். முதல் மொழிபெயர்ப்பைப் படித்தவர் தமிழில் ‘மனசாட்சி’ என்கிறார், இரண்டாவதைப் படித்தவர் ‘பிரக்ஞை’ என்கிறார். துர்க்கேமுக்கும் இந்தச் சச்சரவுக்கும் அதிகத் தொடர்பில்லை.

‘கூட்டு மனசாட்சி’யில் எனக்குள்ள பெரிய தடை வேறு. அந்தத் தொடரை நம் நாட்டில் நீதிமன்றங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. 1983இல் மச்சி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சமூகத்தின் கூட்டு மனசாட்சி அதிர்ச்சியடையும் அளவுக்குக் கொடிய குற்றங்களில் மரண தண்டனையைச் சமூகம் எதிர்பார்க்கும் என்ற பொருளில் எழுதியது. அதன் பிறகு செய்தித்தாள்களில் இந்தத் தொடரைப் பார்க்கும் தமிழ் வாசகருக்குத் தூக்குத் தண்டனைதான் நினைவுக்கு வரும். துர்க்கேமும் குற்றத்தையும் தண்டனையையும் பற்றியே பேசுகிறார் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். சமூகம் ஏன் தண்டிக்கிறது என்பதை விளக்குவது அவர் நோக்கம். தண்டிப்பதற்கு நியாயம் கற்பிப்பது நீதிமன்றத்தின் நோக்கம். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், விளக்க வந்தவர் வழக்குரைஞராகத் தெரிவார். (துர்க்கேமும் சட்டமும் பற்றி ஆண்ட்ரூ ஸ்கல்லுடன் சேர்ந்து லூக்ஸ் ஒரு நூல் கொண்டுவந்ததும் அதே 1983இல்தான். தற்செயல், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

‘பிரக்ஞை’யின் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. லூக்ஸ் துர்க்கேமோடு நின்றுவிடவில்லை. அதிகாரத்துக்கு மூன்று பரிமாணங்கள் உண்டு என்று வாதிட்ட சிறு நூலை 1974இல் எழுதினார். வெளியுலகம் அவரை அதற்காகத்தான் கூடுதலாக அறியும். மக்களின் விருப்பங்களையே வடிவமைத்து, எதிர்ப்பு எழாமலேயே செய்துவிடுவது மூன்றாவது பரிமாணம். 2005இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் மார்க்சியர்களின் ‘பொய்ப் பிரக்ஞை’யும் (ஒடுக்கப்பட்டோர் தம் உண்மையான நலனை அறியாதிருக்கும் நிலை) விவாதத்துக்கு வருகிறது. ஒரே கட்டுரையில் முன்பகுதியில் ‘கூட்டுப் பிரக்ஞை’, பின்பகுதியில் ‘பொய்ப் பிரக்ஞை’ என்று எழுதினால், இரண்டும் ஒரே குடும்பம் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஒன்று பிரெஞ்சு மரபு, மற்றது ஜெர்மன் மரபு. ‘கூட்டு நனவு’ என்று மாற்றினாலும் தப்ப முடியாது. உளவியலாளர் யுங்கின் ‘கூட்டு நனவிலி’ தமிழில் புழங்கிவிட்டதால், துர்க்கேம் அதற்கு எதிர்ச்சொல் படைத்தவர்போல் ஆகிவிடுவார்.

‘கூட்டு’ என்ற முன்னொட்டையும் நாம் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டோம். கூட்டினால் வருவது கூட்டு. தனி மனங்களைக் கூட்டிக் கிடைக்கும் தொகை இதுவல்ல என்று துர்க்கேம் வாழ்நாள் முழுதும் வாதாடினார். சமூகவியல் முறை பற்றிய நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1901இல் எழுதிய முன்னுரையில் அவர் காட்டும் சான்று வெண்கலம். வெண்கலத்தின் கடினம் செம்பிலும் இல்லை, வெள்ளீயத்திலும் இல்லை, காரீயத்திலும் இல்லை. மூன்றும் கலந்த பின்னர்தான் அது பிறக்கிறது. 1893 நூலில் இந்தக் கருத்தை வரையறுக்கும் இடத்தில் ‘கொலெக்தீவ்’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘கொம்யூன்’ என்றும் எழுதுகிறார். அதற்குத் தமிழில் ‘பொது’ இருக்கிறது. பொது என்பது எவருடைய தொகையும் அன்று.

இனி என் பரிந்துரை: பொதுநெஞ்சு.

‘நெஞ்சு’ ஏன் என்பதற்கு ஒரு குறள் போதும்.

தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின்
தன்நெஞ்சே தன்னைச் சுடும்.

முதலடியில் நெஞ்சு அறிகிறது, அடுத்த அடியில் அதே நெஞ்சு சுடுகிறது. பிரெஞ்சுச் சொல்லில் லூக்ஸ் சுட்டிய இரு பொருளும் தமிழில் ஒரே சொல்லுக்குள் ஒன்றே முக்கால் அடியில் அமர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தின் பிளவைத் தமிழுக்குள் நாமாக இழுத்து வந்துவிட்டு, அதை எப்படி ஒட்டுவது என்று இத்தனை மடல்கள் எழுதியிருக்கிறோம்!

சொல் நன்றாக இருந்தால் போதாது, வாக்கியத்தில் ஓட வேண்டும். துர்க்கேமின் குற்ற வரையறையை எடுத்துக்கொள்வோம்: “பொதுநெஞ்சின் வலுவான, திட்டவட்டமான நிலைகளை ஒரு செயல் புண்படுத்தும்போது அது குற்றமாகிறது.” நெஞ்சு புண்படும்; தமிழில் அது இயல்பு. பிரக்ஞை எப்படிப் புண்படும்? இன்னோர் இடத்தில், நமக்குள் இரண்டு ‘கோன்சியான்ஸ்’ இருப்பதாக அவர் சொல்கிறார்: ஒன்று நம் தனித்தன்மைக்கு உரியது, மற்றது சமூகம் முழுமைக்கும் பொதுவானது. “நமக்குள் இரண்டு மனசாட்சிகள்” என்றால் ஏதோ நோய்க்குறி போல் இருக்கிறது. “நமக்குள் தன்நெஞ்சும் உண்டு, பொதுநெஞ்சும் உண்டு” என்பது பள்ளி மாணவருக்கும் புரியும்.

> நெஞ்சு என்றால் மார்பு என்றுதானே முதலில் தோன்றும்?

நெஞ்சுவலியில் ஆம். நெஞ்சறிய, நெஞ்சார என்று சொல்லும்போது எவரும் மருத்துவரைத் தேடுவதில்லை.

> அகப்பாடல்களில் நெஞ்சு மிக அந்தரங்கமானது. அதைச் சமூகத்தின் தலையில் ஏற்றலாமா?

அம்மா எழுப்பிய இந்தத் தடைதான் இழையிலேயே கனமானது. அந்தப் பாடல்களிலேயே இதற்கு ஒரு விடை கிடைக்கிறது என்று நினைக்கிறேன். ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று குறளில் ஓர் அதிகாரமே உண்டு. தலைவி தன் நெஞ்சை எதிரே நிறுத்தி, இன்னோர் ஆளோடு பேசுவதுபோல் பேசுகிறாள், குறை சொல்கிறாள். உள்ளே இருந்தும் தன் வசப்படாத ஒன்று என்ற உணர்வு அந்தச் சொல்லுக்கு உண்டு. சமூகம் நமக்குள் இருந்துகொண்டே வெளியிலிருந்து கட்டுப்படுத்துவதுபோல் இயங்குகிறது என்பது துர்க்கேமின் அடிப்படைக் கூற்று. சங்க மரபில் துர்க்கேமைத் தேடும் எண்ணம் எனக்கு இல்லை. சொல் முரண்டு பிடிக்காது என்று காட்டுவதே என் நோக்கம்.

இந்தச் சொல் பொருந்தாத இடங்களும் உண்டு. உளவியலை ஒட்டி அவர் எழுதும்போது, குறிப்பாகத் தனிமனிதப் பிரதிமைகளையும் (மனத்தில் உள்ள எண்ண உருக்கள்) சமூகத்துக்குரிய கூட்டுப் பிரதிமைகளையும் ஒப்பிடும் 1898ஆம் ஆண்டுக் கட்டுரையில், ‘கோன்சியான்ஸ்’ பெரும்பாலும் விழிப்புணர்வை மட்டுமே சுட்டுகிறது. அங்கே ‘நெஞ்சு’ நொண்டும். ‘நனவு’ என்றே எழுதலாம். ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்தான் வர வேண்டும் என்ற விதியை நம் குழு எப்போதும் தேவைக்கு மேல் கடுமையாகப் பிடித்துக்கொள்கிறது.

அதே 1898இல், பிரெஞ்சு ராணுவ அதிகாரி திரைஃபஸ்மீது பொய்யாகத் தேசத்துரோகம் சுமத்திய வழக்கின் கொந்தளிப்புக்கு நடுவே, தனிமனிதவாதத்தைக் காத்து துர்க்கேம் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பின்னர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து 1969இல் அறிமுகம் செய்தவரும் லூக்ஸ்தான். நவீன சமூகத்தில் எல்லோருக்கும் பொதுவாக எஞ்சி நிற்பது மனிதன் என்ற பெயருக்குத் தரும் மதிப்பு ஒன்றே என்பது அதன் சாரம். நம் கட்டுரையில் இந்த இடம் வரும்போது “பொதுநெஞ்சில் இன்னும் உயிரோடிருப்பது தனிமனிதர்மீதான மதிப்பு” என்று எழுதிப் பாருங்கள். முரண்போல் தோன்றும், துர்க்கேமின் கருத்திலேயே அந்த முரண் இருப்பதால் அதை மழுப்ப வேண்டியதில்லை.

சொல்லடைவுக்கு என் வரைவு: “பொதுநெஞ்சு – ஒரு சமூகத்தின் சராசரி உறுப்பினர்களுக்குப் பொதுவான நம்பிக்கைகளும் உணர்வுகளும் சேர்ந்து, தனக்கென உயிர்ப்புடைய அமைப்பாக நிற்பது. எமில் துர்க்கேம், 1893.” அடைப்புக்குள் ‘கூட்டு மனசாட்சி என்றும் வழங்கும்’ என்று சேர்க்கச் சிலர் கேட்பார்கள். சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. மாற்றுச் சொல் கொடுத்தால் எல்லோரும் பழகியதைத்தான் எடுப்பார்கள்.

‘கூட்டுப் பிரதிமை’ என்பதிலும் இதே ‘கூட்டு’த் தொல்லை இருக்கிறது. மேலே எழுதியபோது வேறு வழியின்றி அதையே பயன்படுத்தினேன். ‘பொதுப் பிரதிமை’ என்றால் அரசியல் தலைவரின் பிம்பம் நினைவுக்கு வருகிறது. அதைத் தனி இழையில் எடுப்போம். பிரெஞ்சு அறிந்த புதுச்சேரி அன்பர்கள் தொடங்கினால் நல்லது.

பி.கு.: வரைவில் பெயர் ஓரிடத்தில் ‘லியூக்ஸ்’ என்றும் ஓரிடத்தில் ‘லூக்காஸ்’ என்றும் இருக்கிறது. ‘லூக்ஸ்’ என்றே ஒருசீராக வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.