அப்பாவுக்கு டிரமடால் குடுத்திருக்காங்க, அம்மா டப்பாவுலேருந்து வேற மாத்திரையும் எடுத்துக் குடுக்கறாங்க, என்ன செய்யறது?

யீஷூன் மகள்:
வணக்கம், சிங்கப்பூர்லேருந்து எழுதறேன். அப்பாவுக்கு 71 வயசு, போன வாரம் முட்டி மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டார். டிரமடால் 50 மில்லிகிராம் கேப்சூல், வலி தாங்கலைன்னா 8 மணி நேரத்துக்கு ஒண்ணு, அதோட பனடால் (பாராசிட்டமால் 500 மில்லிகிராம்) ரெண்டு ரெண்டா நாலு வேளை. மொதல் ரெண்டு நாள் கேப்சூலைத் தொடவே மாட்டேன்னுட்டார், ஏன்னா பெரியப்பா வந்து இது அபின் சாதி மாத்திரை, பழகிட்டா விடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மூணாவது நாள் ராத்திரி வலி தாங்க முடியாம ஒரே நேரத்துல ரெண்டு போட்டுட்டார், தூக்கம் வரலைன்னு அம்மாவோட தூக்க மாத்திரை ஒண்ணு, அதுவும் பத்தாதுன்னு அம்மா அவங்க பிஸ்கட் டப்பாவைத் திறந்து இடுப்பு வலிக்கு எப்பவோ வாங்கின அனாரெக்ஸும் குடுத்திருக்காங்க. அந்த நீல டப்பா உங்க வீட்லயும் இருக்கும், உள்ளே பாலிகிளினிக்ல (அரசு கிளினிக்) மாத்திரை போட்டுக் குடுக்கற ஜிப் பை பை­யா. காலையில 10 மணிக்கு நான் போய் எழுப்பினா கண்ணு சொருகுது, பேச்சு குழறுது. மத்தியானம் சரியாயிட்டார், ஆனா எனக்கு இன்னும் நெஞ்சு படபடன்னு இருக்கு. இந்த மாத்திரையை நிறுத்திடலாமா? பெரியப்பா சொல்றது நெசமா?

கோப்பி ஓ கோசோங்:
தங்கச்சி, நான் ஃபார்மசி கவுண்டர்ல 14 வருசமா நிக்கறேன், ஆனா உங்கப்பா ஃபைலை நான் பாக்கலை, அதனால டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருக்கற நம்பருக்குப் போன் போட்டு அன்னிக்கு ராத்திரி என்னென்ன போட்டார்னு ஒண்ணு விடாம சொல்லிடுங்க, திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க.

பெரியப்பா சொன்னதுல பாதி சரி. டிரமடால் ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்துதான், மாசக்கணக்கா போட்டா உடம்பு பழகிடும். ஆனா ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாளைக்கு, சொன்ன அளவுல போட்டா அந்த ஆபத்து கம்மி. வலிக்குப் பயந்து முட்டியை மடக்காம வெச்சிருந்தார்னா அப்புறம் அது மடங்கவே மடங்காது, அதுதான் பெரிய நஷ்டம். ஃபிசியோவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணு போட்டுக்கலாமான்னு கேட்டுப் பாருங்க.

நீங்க பயப்பட வேண்டியது அந்த டப்பாவுக்கு. ஓபியாய்டு மூச்சை மந்தமாக்கும், தூக்க மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்யும், ரெண்டும் சேர்ந்தா தூக்கத்துலேயே மூச்சு குறைஞ்சிடும். பீரும் அப்படித்தான், மூக்கு ஒழுகினா போடுற குட்டி மஞ்சள் மாத்திரையும் தூக்கத்தைக் கூட்டும். அடுத்தது அனாரெக்ஸ். அது ஏதோ சதைப்பிடிப்பு மாத்திரைன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க, ஆனா ஒவ்வொண்ணுலயும் பாராசிட்டமால் 450 மில்லிகிராம் இருக்கு. அப்பா ஏற்கெனவே பனடால் நாளைக்கு 8, அதாவது 4 கிராம், பெரியவங்களுக்கு அதுதான் உச்சம். அதுக்கு மேல அனாரெக்ஸ் ரெண்டு ரெண்டா மூணு வேளை போட்டா இன்னும் 2.7 கிராம். ஈரல் போயிடும், அதுவும் மொதல் நாள் ஒண்ணுமே தெரியாது. அன்னிக்கு எத்தனை போட்டார்னு எண்ணிப் பாத்து அதையும் போன்ல சொல்லுங்க.

மறுபடி அந்த மாதிரி ஆச்சுன்னா மத்தியானம் வரைக்கும் காத்திருக்காதீங்க. தோளை உலுக்கியும் எழுந்திரிக்கலை, மூச்சு விட்டு விட்டு வருது, குறட்டை களகளன்னு கேக்குது, உதடு நீலமாகுது, கண்ணுமணி ஊசி முனை மாதிரி சுருங்கியிருக்கு, இதுல எதைப் பாத்தாலும் ஒடனே 995க்கு அடிச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. கோப்பி குடுத்து எழுப்பப் பாக்காதீங்க, புரையேறிடும். நலாக்ஸோன்னு மாத்து மருந்து இருக்கு, அதை அவங்க பாத்துப்பாங்க.

ஆங், இந்த மாத்திரை மலச்சிக்கல் பண்ணும். லாக்டுலோஸ் சிரப் குடுத்திருந்தா இன்னியிலேருந்தே ஆரம்பிங்க, பப்பாளி மட்டும் பத்தாது. வாந்தி மாதிரி வர்றது ரெண்டு மூணு நாள்ல அடங்கும், மலச்சிக்கல் அடங்காது.

வண்டி நம்பர் மறந்தவன்:
பெரியப்பா கட்சில நானும் ஒரு ஆளு, அதனால சொல்றேன். நான் லாரி ஓட்டறேன், டிஸ்க் நகர்ந்து ஒரு கிளினிக்ல இதே டிரமடால் குடுத்தாங்க, மொதல்ல வலிக்குப் போட்டேன், அப்புறம் வலி இல்லாதப்பவும் மனசு லேசா இருக்குன்னு போட்டேன், ஒரு கிளினிக்ல தீந்தா இன்னொரு கிளினிக், யாரும் யாரையும் கேக்கலை, நாலு மாசம் ஓடிப்போச்சு. வீட்டுக்காரி கண்டுபிடிச்சு சண்டை போட்டதும் ரோஷத்துல ஒரே நாள்ல நிறுத்தினேன். அடப் போங்க, மூக்குல தண்ணி, உடம்பெல்லாம் புல்லரிப்பு, பேதி, காலை ஒரு எடத்துல வைக்க முடியலை, மூணு ராத்திரி ஹால்லயே நடந்தேன். டாக்டர் மறுபடி ஆரம்பிச்சு வாரத்துக்குக் கொஞ்சமா குறைச்சுத்தான் விட வெச்சார். ரொம்ப நாள் போட்டவங்க திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். புவாங்கோக்ல இருக்கற ஐஎம்எச் மனநல ஆஸ்பத்திரில இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, வெக்கப்படாம போங்க, நான் வெக்கப்பட்டே ரெண்டு மாசத்தை வீணாக்கினேன்.

உங்கப்பாவுக்கு ஒரு வாரந்தானே, பயப்படாதீங்க. ஆனா வலி கொறைஞ்ச பிறகும் கேப்சூலைத் தேடறாரான்னு ஒரு கண்ணு வெச்சுக்குங்க.

தேக்கா பூக்காரி மக:
எங்கம்மாவுக்குக் கேன்சர் கடைசி மாசங்கள்ல ஃபென்டனில் பேட்ச் ஒட்டியிருந்தோம், முதுகுல, 72 மணி நேரத்துக்கு ஒண்ணு. மாத்துற நாளை ஷீட் காலண்டர்ல சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு வெப்பேன். ஒரு நாள் இடுப்பு கடுக்குதுன்னாங்க, நான் சுடுதண்ணிப் பை வெச்சு ஒத்தடம் குடுத்தேன், பேட்ச் மேலயே. அரை மணி நேரத்துல தலை தொங்கிப் போச்சு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ம்ம்னு மட்டும் வருது. வீட்டுக்கு வர்ற நர்ஸுக்குப் போன் போட்டதும் பையை எடுத்துத் தூரப் போடு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுன்னு கத்தினாங்க. சூடு பட்டா மருந்து வேகமா உள்ளே இறங்குமாம், நம்ம ஊர்ல வலின்னாலே ஒத்தடந்தானே, யாருக்குத் தோணும். தப்பிச்சோம். உரிச்ச பேட்ச்லயும் மருந்து பாக்கி இருக்கும், ஒட்டுற பக்கம் உள்ளே வர்ற மாதிரி ரெண்டா மடிச்சிடணும், பேரப்பிள்ளைங்க இருக்கற வீடுன்னா சொல்லவே வேணாம்.

யீஷூன் மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போன் போட்டேன், திட்டலை, ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்க, ஈரல் நல்லா இருக்கு. கிட்னியும் பாத்தாங்க, அப்பாவுக்குச் சக்கரை இருக்கறதால கிட்னி மந்தமா இருந்தா இந்த மருந்து உடம்புல தங்கிடுமாம். இப்ப ஃபிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கேன், நம்ம ஹெல்பர் நேரம் போட்டு எழுதறாங்க, அப்பா பக்கத்துல கையெழுத்து வேற போடறார், ஆபீஸ் பழக்கம். ராத்திரி பாத்ரூமுக்குத் தனியா எழுந்து போகக் கூடாதுன்னு சொல்லிட்டோம். டப்பாவைக் கவுத்தா 2019லேருந்து மாத்திரை!

இன்னும் ரெண்டு கேள்வி. டிசம்பர்ல திருச்சி போறோம், அங்க இதையே மலிவா வாங்கிட்டு வந்து வெச்சுக்கலாம்ங்கறாங்க அம்மா. அப்புறம் 9 கேப்சூல் மிச்சம், பெரியப்பா முதுகு வலிக்குக் கேக்கறார். ஆமாமா, அதே பெரியப்பாதான்.

கோப்பி ஓ கோசோங்:
அபின் செடி விதைன்னு கசகசாவே கொண்டு வர முடியாத ஊருங்க இது, குருமாவுக்கு முந்திரியை அரைச்சுக்கறோம். வலி மாத்திரை, கோடீன் இருமல் மருந்து எதுவா இருந்தாலும் கெளம்பறதுக்கு முன்னாடி ஹெச்எஸ்ஏ (சிங்கப்பூர்ல மருந்துகளைக் கட்டுப்படுத்தற அரசு அமைப்பு) வெப்சைட்ல பாருங்க, சிலதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும். இந்தியாவுலயும் 2018லேருந்து டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வந்தாச்சு, மொத்தமா வாங்கி மூட்டை கட்டற நெனைப்பை விட்டுடுங்க. இருக்கற மருந்தை லேபிளோட, டாக்டர் லெட்டரோட எடுத்துட்டுப் போனா போதும்.

பெரியப்பா வேற என்ன மாத்திரை சாப்பிடறார்?

யீஷூன் மகள்:
பிரஷர், அப்புறம் சின்ன வயசுலேருந்து வலிப்புக்கு ஒண்ணு.

கோப்பி ஓ கோசோங்:
அப்ப ஒரு கேப்சூல் கூடக் குடுக்காதீங்க. டிரமடாலுக்கு வலிப்பைக் கிளப்புற குணம் உண்டு. நாளைக்கே 9ஐயும் ஃபார்மசிக்கு எடுத்துட்டுப் போய் எப்படிக் கழிக்கறதுன்னு கேளுங்க, பெரியப்பாவை பாலிகிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க.