விற்ற ரெக்ஸ் அடி குறைவாக அடிக்கிறதாம், என்ன காரணம்?

கொருக்குப்பேட்டை_கேட்:
வணக்கம் நண்பர்களே. டைனோசர்களை வளர்க்கும் ஆர்க் சர்வைவல் இவால்வ்ட் ஆட்டம், அதில் ஐலண்ட் மேப். வண்ணாரப்பேட்டை அண்ணன் ஒருவர் வாடகைக்கு எடுத்து நடத்தும் சர்வர். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் ஆட்கள்தான் அதில் பாதிக்கு மேல். 2023 செப்டம்பரில் இந்த ஆட்டத்தின் அதிகாரபூர்வ சர்வர்களை மூடிய பிறகு எங்கள் கூட்டம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

நான் ரெக்ஸ் (டி-ரெக்ஸ் டைனோசர்) வளர்த்து விற்கிறேன். போன வாரம் ஒரு ஆண் ரெக்ஸைத் திருவொற்றியூர் அண்ணனுக்கு 600 பாலிமர், 200 பிளாக் பேர்ல் என்று ஆட்டத்துப் பொருள் விலைக்குக் கொடுத்தேன். கொடுக்கும் முன்னால் நானே ஏறி ஓட்டி, பாராசர் என்ற டைனோசர் ஒன்றைக் கடித்துக் காட்டினேன். அவருக்குப் பிடித்துப்போய் அங்கேயே பொருளை எடுத்துக் கொடுத்தார். நானும் கிரையோ பாடில் (உருப்படியை உறைய வைத்து எடுத்துப்போகும் கருவி) போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சண்டைக்கு வந்துவிட்டார். "காட்டும்போது ஒரு அடி, கைக்கு வந்ததும் வேறு அடி. உருப்படியை மாத்திட்ட" என்கிறார். சத்தியமாக மாற்றவில்லை. மிலீ (அடிக்கும் பலம்) அவர் திரையிலும் அதே 480 சதவீதம்தான் காட்டுகிறது. பெயர் கெட்டால் இந்த சர்வரில் அப்புறம் என்னிடம் ஒரு டோடோ கூட விலை போகாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பேரக்ஸ்:
தம்பி, முதலில் சில விவரம் வேண்டும். வாங்கிய பிறகு அவர் ஏதாவது லெவல் போட்டு அதன் பலத்தை ஏற்றினாரா? கடிக்கும்போது மேலே எழும்பும் எண் உனக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு? இரண்டு பேரும் உடம்பில்தான் கடித்தீர்களா? தலையில் கடித்தால் எண் கூடும், அதை வைத்து ஒப்பிட முடியாது. இம்பிரிண்ட் (குட்டியிலிருந்து வளர்த்தவரோடு வரும் பிணைப்பு) எத்தனை சதவீதம், யார் பெயரில் இருக்கிறது?

கொருக்குப்பேட்டை_கேட்:
லெவல் போடவில்லை அண்ணா. எனக்கு 387, அவருக்கு 298. இரண்டும் பாராசர்தான், உடம்பில்தான். இம்பிரிண்ட் 100, என் பெயரில். முட்டையிலிருந்து நான்தான் வளர்த்தேன்.

பெரம்பூர்_பேரக்ஸ்:
அப்படியானால் விஷயம் முடிந்தது. 387ஐ 298ஆல் வகுத்துப் பார், 1.3 வரும்.

ரெக்ஸின் அடிப்படைக் கடி 62. மிலீ 480 சதவீதம் என்றால் 62ஐ 4.8ஆல் பெருக்க வேண்டும், 297.6 வருகிறது. அவர் திரையில் வரும் 298 அதுதான். அவருக்குக் குறையவில்லை, உனக்குத்தான் கூடுதலாக வந்திருக்கிறது.

இம்பிரிண்ட் இரண்டு வேலை செய்யும். ஒன்று, ஹெல்த், மிலீ, வெயிட் போன்றவற்றை 100 இம்பிரிண்டில் 20 சதவீதம் ஏற்றிவிடும். இது உருப்படியோடு ஒட்டிக்கொண்டது, யார் கைக்குப் போனாலும் போகாது. அந்த 480க்குள்ளேயே இது அடங்கிவிட்டது. இன்னொன்று, வளர்த்தவரே ஏறி ஓட்டினால் அடி 30 சதவீதம் கூடும், வாங்கும் அடியும் 30 சதவீதம் குறையும். இந்த இரண்டாவது எந்தத் திரையிலும் எண்ணாகத் தெரியாது. அதனால்தான் மிலீ ஒன்றாக இருந்தும் கடி வேறாக இருக்கிறது.

கிரையோ பாடை யார் திறந்து விடுகிறாரோ அவர் டிரைபுக்கு (குழுவுக்கு) ரெக்ஸ் போய்விடும். இம்பிரிண்ட் பெயர் மட்டும் உன்னுடையதாகவே நிற்கும்.

திருவொற்றியூர்_தேரடி:
வாங்கியவன் நான்தான். கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. தம்பி உருப்படியை மாற்றவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் ஏறிக் காட்டியதைப் பார்த்துத்தான் நான் விலை பேசினேன். எனக்குக் கிடைக்காத அடியைக் காட்டி விற்பது முறையா? நான் டிராகனை அடிக்கப் படை சேர்க்கிறேன். 200 பிளாக் பேர்லுக்கு எத்தனை தடவை கடலுக்குள் இறங்கணும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எண்ணூர்_கழிமுகம்:
தேரடி அண்ணா, டிராகனுக்கு என்றால் நீங்கள் நஷ்டப்படவில்லை. ஐலண்ட் பாஸ் (டிராகன் மாதிரி பெரிய எதிரி) அரங்குக்குள் 20 உருப்படி வரை கொண்டுபோகலாம். வழக்கமாக 19 ரெக்ஸ், யூட்டி என்ற டைனோசர் ஒன்று. நாம் ஏறுவது யூட்டி மேல்தான், ஏனென்றால் அது கர்ஜித்தால் மொத்தப் படைக்கும் அடி ஏறும், அந்த கர்ஜனையை நேரம் பார்த்து நாம்தான் விட வேண்டும். ரெக்ஸ்கள் முதுகில் ஆளில்லாமல் தானாக அடிக்கும். ஆள் ஏறாத ரெக்ஸுக்கு அந்த 30 சதவீதம் யார் வளர்த்தாலும் கிடையாது. படைக்கு வேண்டியது ஹெல்த், மிலீ, நல்ல சேடில் (சேணம்). அந்த வகையில் 480 மிலீ ஆண் ரெக்ஸ் அருமையான சரக்கு.

நீங்களே ஏறி ஓட்ட ஒரு ரெக்ஸ் வேண்டும் என்றால் அதை வளர்ந்த உருப்படியாக வாங்காதீர்கள். முட்டையாக வாங்குங்கள்.

வியாசர்பாடி_விங்:
நானும் விற்கிறவன்தான், என் கருத்தையும் சொல்கிறேன். காசிமேட்டில் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டித்தான் விலை பேசுவார்கள். அதே மாதிரி இங்கேயும் உள்ளே இருப்பதை முதலில் காட்டிவிட வேண்டும். பொரித்த அன்றைக்கு, ஒரு லெவல் கூடப் போடாமல் எடுத்த ஸ்கிரீன்ஷாட்தான் உண்மையான அடையாளம். பிறகு நாம் ஏற்றும் லெவல் எதுவும் குஞ்சுக்குப் போகாது. இது தெரியாமல் பெரிய எண்ணைப் பார்த்து ஜோடி வாங்கி, பிறந்த குஞ்சைப் பார்த்துச் சண்டை போடுபவர்கள் நம் சர்வரிலேயே இருக்கிறார்கள். போட்ட லெவலைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அதனால் லெவல் போடாமலே விற்பது வாங்குபவருக்கு நல்லது.

ஓட்டிக் காட்டுவதாக இருந்தால் வாங்குபவரையே ஏற்றி ஓட்டச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சாதாரணமாக வேறு டிரைப் ஆளால் ஏற முடியாது. அதனால் எண்ணை வாயால் சொல்லிவிடுங்கள்: நான் ஓட்டினால் இவ்வளவு, நீங்கள் ஓட்டினால் இவ்வளவு.

இன்னொன்று, இனவிருத்தி. ஆண் ரெக்ஸைக் கருத்தடை செய்யாமல் கொடுத்தால் நம் வம்சத்தையே கொடுத்த மாதிரி. ஒவ்வொரு மியூட்டேஷனும் (குஞ்சில் தற்செயலாக வரும் மாற்றம்) ஒரு குணத்தில் 2 லெவல்தான் ஏற்றும். அதைச் சேர்த்து இந்த மிலீக்கு வரப் பட்ட பாடு தம்பிக்குத் தெரியும். நான் படைக்கு விற்பதை எல்லாம் கருத்தடை செய்து குறைந்த விலைக்குக் கொடுப்பேன், செய்யாததற்கு மூன்று மடங்கு கேட்பேன்.

பெரம்பூர்_பேரக்ஸ்:
விங், அதில் எனக்கு உடன்பாடில்லை. கருத்தடை செய்ததைத் திரும்ப மாற்ற முடியாது. நம் சர்வரில் இருப்பதே சின்னக் கூட்டம், நல்ல வம்சம் நாலு பேரிடம் இருந்தால்தான் பாஸ் சண்டைக்கு ஆள் சேரும். மற்றபடி ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி.

கொருக்குப்பேட்டை_கேட்:
தேரடி அண்ணா, இரண்டாவது விஷயத்தை அன்றைக்கே சொல்ல எனக்கே அது தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. பேர்லைத் திருப்பிக் கேட்காமல் இதை ஏற்றுக்கொள்வீர்களா: அந்த ரெக்ஸின் அப்பா, அம்மா இரண்டுக்கும் ஹெல்த்திலும் மிலீயிலும் ஒரே பாயிண்ட். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் குஞ்சுக்கு அதே எண்தான். அந்த ஜோடியிலிருந்து முட்டை தருகிறேன், காசு வேண்டாம். நீங்களே பொரித்து வளர்த்தால் இம்பிரிண்ட் உங்கள் பெயரில் விழும், 387 உங்களுக்கும் வரும்.

திருவொற்றியூர்_தேரடி:
இது நியாயம். சம்மதம். ஆனால் எனக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. வளர்ப்பதற்கு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

எண்ணூர்_கழிமுகம்:
நம் சர்வரில் எதையும் வேகப்படுத்தவில்லை. முட்டை பொரிய ஏறத்தாழ 5 மணி நேரம், முழுசாக வளர 3 நாள் 20 மணி நேரம். முட்டைக்கு 32லிருந்து 34 டிகிரி வேண்டும், பேஸில் ஏர் கண்டிஷனர்களைச் சுற்றி வைத்துவிட்டுப் பொரியுங்கள். லீவு கிடைக்கும்வரை முட்டையை ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

பிறகு 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை அது ஏதாவது கேட்கும். சில சமயம் நடக்கக் கூட்டிப்போகச் சொல்லும், சில சமயம் தட்டிக்கொடுக்கணும், சில சமயம் குறிப்பிட்ட கிப்பிள் (சமைத்த தீனி) வேண்டும் என்று அடம் பிடிக்கும். எல்லா வகைக் கிப்பிளும் கையில் இருக்கட்டும். யார் பெயரில் இம்பிரிண்டோ அவரேதான் இதைச் செய்ய வேண்டும், டிரைப் ஆள் செய்தால் ஏறாது. ஒன்றிரண்டு தவறினால் பயப்படாதீர்கள், அந்த அளவுக்கு மட்டும் போனஸ் குறையும். குட்டியாக இருக்கும்போது அதன் பையில் இறைச்சி தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். பசியில் செத்தால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு நாள் லீவுக்கு முந்தின ராத்திரி பொரிக்கிற மாதிரி வையுங்கள்.

சர்வர்_அட்மின்:
இழையைப் படித்தேன். இம்பிரிண்ட் பெயரை அட்மின் கட்டளை போட்டு மாற்றித் தரும்படி இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். செய்ய மாட்டேன். அப்படிச் செய்தால் உட்கார்ந்து வளர்ப்பவர்களுக்கு மதிப்பே இருக்காது.

ஜிபே மூலம் பணம் வாங்கி ரெக்ஸ் விற்பதாகவும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். இது வாடகை சர்வர், என்றைக்காவது மூடினால் உருப்படியும் போகும், யாருடைய பணத்துக்கும் நான் பதில் சொல்ல முடியாது. பாலிமர், பேர்ல், இன்காட், எலிமென்ட் என்று ஆட்டத்துக்குள்ளேயே பண்டமாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் பாதுகாப்பான விற்பனைத் திரை கிடையாது என்பதால், பெரிய வியாபாரம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். பொருளையும் கிரையோ பாடையும் என்னிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். உருப்படியை அன்கிளெய்ம் செய்து (உரிமையை விட்டு) கொடுப்பது மட்டும் வேண்டாம், பக்கத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் முதலில் அழுத்தி எடுத்துவிடுவார்கள்.

கொருக்குப்பேட்டை_கேட்:
சரி அண்ணா. தேரடி அண்ணா, நாலு முட்டை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருக்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் சொல்லுங்கள், அட்மின் அண்ணன் முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன்.

திருவொற்றியூர்_தேரடி:
வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு மேல் வருகிறேன் தம்பி. யூட்டி வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், அதையும் முட்டையாகவே வாங்கிக்கொள்கிறேன்.