இறையியல் மேற்படிப்பு: “மெய்யியல் எங்கே?”

விண்ணப்பத்தோடு வைத்திருந்த மதிப்பெண் பட்டியலை டீன் இரண்டு முறை புரட்டினார். “எம்.ஏ. இறையியல் இருக்கு, மதிப்பெண்ணும் நல்லா இருக்கு. மெய்யியல் எங்கே?” என்றார். தத்துவப் படிப்பைத்தான் கேட்டார். நான் முழித்தேன்.

கத்தோலிக்க இறையியலில் பட்டங்கள் இரண்டு தண்டவாளத்தில் ஓடுகின்றன என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஒன்று, எல்லாத் துறைகளுக்கும் உள்ளது போலப் பல்கலைக்கழகம் தரும் எம்.ஏ., பிஎச்.டி. இன்னொன்று, திருப்பீடத்தின், அதாவது திருத்தந்தையின் தலைமை நிர்வாகத்தின், அதிகாரத்தால் தரப்படும் திருச்சபைப் பட்டம். அதில் எஸ்.டி.பி. எனும் இளநிலைப் பட்டம், எஸ்.டி.எல். எனும் லைசென்ஷியேட், எஸ்.டி.டி. எனும் முனைவர் பட்டம் என்று மூன்று படிகள். இதற்கு 1979இல் இரண்டாம் யோவான் பவுல் வகுத்த சட்டம் இருந்தது. 2017 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் ‘வெரித்தாத்திஸ் கௌதியும்’ என்ற பெயரில் அதைப் புதுப்பித்தார். மெய்யியலும் சேர்த்து முதல் படிக்கு ஐந்தாண்டு. இரண்டாண்டு மெய்யியலை ஏற்கெனவே முடித்து வருபவருக்கு மூன்றாண்டு. லைசென்ஷியேட்டுக்கு இன்னும் இரண்டாண்டு. குருக்களாகப் போகிறவர்கள் படிக்கும் குருமடத்தில் கற்பிக்க லைசென்ஷியேட்டாவது வேண்டும், திருச்சபைப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆசிரியராக முனைவர் பட்டம் வேண்டும். என் ஆசை கற்பிப்பது. என் கையில் இருந்ததோ வேறு தண்டவாளத்துப் பட்டம்.

விட்டுப்போன மெய்யியலையும் லத்தீனையும் முடிக்க ஒன்றரை ஆண்டு ஆனது. முப்பத்தொரு வயதில், என்னைவிடப் பத்து வயது சின்னவர்களான குருமாணவர்களோடு உட்கார்ந்து அரிஸ்டாட்டிலின் நான்கு காரணங்களை உருப்போட்டேன். எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் கிறிஸ்து யார் என்று ஆராயும் கிறிஸ்தியல் வகுப்புக்குப் போனபோதுதான் அதன் பயன் தெரிந்தது. 451இல் ஆயர்கள் கூடிய கால்செதோன் சங்கம் கிறிஸ்துவை ‘ஓர் ஆள், இரு இயல்புகள்’ என்று அறிக்கையிட்டது. இயல்பு என்றால் என்ன, ஆள் என்றால் என்ன என்று தெரியாமல் எம்.ஏ.வில் அந்த வரியை எத்தனை முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்! நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“கன்னியாஸ்திரி ஆகப்போறீங்களா?” என்ற கேள்வி எல்லாப் பொதுநிலைப் பெண்களுக்கும் வரும். இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

எபிரேய வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை அறுபதைத் தாண்டிய ஓர் அருள்சகோதரிக்கு. துண்டுச் சீட்டுகளில் வினை வடிவங்களை எழுதி செபப் புத்தகத்துக்குள் செருகி வைத்திருப்பார். “இந்த வயசுல எதுக்கு சிஸ்டர்?” என்று ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். “நாற்பது வருஷமா தினமும் திருப்பாடல் சொல்றேன்மா. ஒரு தடவையாவது அது எழுதின மொழியில சொல்லிப் பார்க்கணும்” என்றார். அந்தப் பருவத் தேர்வில் அவருக்குத்தான் முதலிடம். எனக்கு எபிரேயம் பிடிபடவே ஓராண்டு ஆனது. மொழிகளுக்கு நேரம் ஒதுக்காமல் கால அட்டவணை போடாதீர்கள். மற்றதெல்லாம் முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம், இதை முடியாது.

முனைவர் ஆய்வுக்கு நான் கொண்டுபோன தலைப்பு ‘இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இறைவெளிப்பாடு’. அதாவது, கடவுள் தம்மை வெளிப்படுத்துவது பற்றி 1962–65இல் கூடிய ஆயர்களின் சங்கம் என்ன சொன்னது என்பது. நெறியாளர் சிரிக்கக்கூட இல்லை. “பதினாறு ஆவணம் இருக்கு. ஒண்ணை எடு. அதுல ஒரு எண்ணை எடு.” கடைசியில் இறைவெளிப்பாடு பற்றிய ‘தேயி வெர்பும்’ ஆவணத்தின் 8ஆம் எண்ணில் போய் நின்றேன், மரபு எப்படி வளர்கிறது என்று பேசும் பகுதி. ஒரே ஒரு பத்தி என்று முதலில் ஏமாற்றமாக இருந்தது. உள்ளே போனால் ஆழமே தெரியவில்லை. இறைவெளிப்பாடு பற்றிய முதல் வரைவு 1962 நவம்பரில் சங்கத் தந்தையரிடையே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதைத் தள்ளிவைக்க வேண்டும் என்றவர்களே அதிகம், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை. திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தலையிட்டு அதைத் திருத்தி எழுத அனுப்பினார். ஆவணம் நிறைவேற 1965 நவம்பர் ஆகிவிட்டது. அந்த மூன்றாண்டில் ஒரு பத்தியின் சொற்கள் எப்படி மாறின என்பதற்கே எனக்கு நான்காண்டு பிடித்தது.

வாய்மொழித் தேர்வு முடிந்து எல்லோரும் கைகுலுக்கினார்கள். சான்றிதழ் எப்போது என்று அலுவலகத்தில் கேட்டேன். “புத்தகம் எப்போ?” என்று திருப்பிக் கேட்டார்கள். ஆய்வேட்டின் முக்கியப் பகுதியாவது அச்சில் வந்தால்தான் பட்டம் என்பது விதி. பக்க வடிவமைப்பு, அடிக்குறிப்பு, மறு திருத்தம் என்று இன்னும் பதினான்கு மாதம். அதுவரை நான் டாக்டரும் இல்லை, மாணவியும் இல்லை.

மற்றவர்களின் கதையையும் கேட்க ஆசை.

மறுமொழி: மறைமாவட்டக் குரு ஒருவர்

உங்களுக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கவாவது முடிந்தது! நான் விவிலியம் படிக்க ஆசைப்பட்டேன். ஆயர் கூப்பிட்டு, “தீர்ப்பாயத்துக்கு ஆள் இல்லை, நீங்க திருச்சட்டம் படிங்க ஃபாதர்” என்றார். திருச்சபையின் சொந்த நீதிமன்றமும் அதன் சட்டமும்தான் இவை. தீர்ப்பாய நீதிபதிக்குத் திருச்சட்டத்தில் லைசென்ஷியேட்டாவது இருக்க வேண்டும் என்று திருச்சட்டத் தொகுப்பே சொல்கிறது. மறுக்க வழியில்லை. மூன்றாண்டு. முதல் ஆண்டு முழுக்க உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே படித்தேன்.

இப்போது திருமண வழக்குகள் வருகின்றன. ஒரு பெண் தன் இருபது ஆண்டு வாழ்க்கையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அப்போது, திருமணத்துக்குச் சம்மதிக்கும் மனத்திறன் இல்லாதவர்களைப் பற்றிய 1095ஆம் சட்டம் வெறும் எண்ணாகத் தெரிவதில்லை. ஆனாலும் விவிலிய ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். கிரேக்கப் புதிய ஏற்பாடு ஒன்று மேசையில் திறந்தே கிடக்கிறது.

மறுமொழி: பிஎச்.டி. படிப்பவர்

நான் தெரிந்தேதான் திருச்சபைப் பட்டத்தை விட்டுவிட்டு பிஎச்.டி.க்குப் போனேன். பொதுப் பல்கலைக்கழகத்தில், சமய ஆய்வுத் துறையில் வேலை பார்ப்பதுதான் திட்டம். அங்கே எஸ்.டி.எல். என்று சொன்னால் அதென்ன என்று கேட்பார்கள். எந்தப் பட்டம் உசத்தி என்ற சண்டையே வீண். லத்தீன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், அக்கா? அதுதான் பயமாக இருக்கிறது.

முதலில் எழுதியவர்

பயப்படாதீர்கள், பேசச் சொல்லமாட்டார்கள். திருச்சபையின் போதனை ஆவணங்களைத் திரட்டித் தரும் தென்சிங்கர் தொகுப்பில் ஒரு பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் படிக்க முடிந்தால் ஆரம்பிக்கலாம். எனக்கு முதல் பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது.