எரிச்சலே இல்லை, ஆனால் சிறுநீரில் கிருமியாம். மருந்து சாப்பிட வேண்டுமா?

ஈசூன்_மருமகள்:
முதல் பிள்ளை, 14 வாரக் கர்ப்பம். செக்கப்பில் கொடுத்த சிறுநீரைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ததில் ஈகோலை என்ற கிருமி வளர்ந்திருக்கிறது என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது. செஃபலெக்சின் கொடுத்திருக்கிறார்கள். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. "வயிற்றில் பிள்ளையோடு எதற்கு ஆன்டிபயாடிக்? பார்லி தண்ணீர் குடி, போய்விடும்" என்கிறார் மாமியார். எதைக் கேட்பது?

செங்காங்_அக்கா:
தங்கச்சி, நான் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கல்ச்சர் தட்டுகளைத்தான் தினமும் பார்க்கிறேன். மருந்தைச் சாப்பிடு.

சாதாரணமாக, அறிகுறி இல்லாத கிருமிக்கு மருந்து கொடுப்பதில்லை, அதனால் உன் மாமியார் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனால் சிறுநீர்க்குழாய் தளர்ந்துவிடும், கருப்பையும் அதை அழுத்தும். சிறுநீர் தேங்கும், கிருமி சிறுநீரகம்வரை ஏறும். அப்படி ஏறிவிட்டால் குளிர்காய்ச்சல், வார்டில் டிரிப், குறைமாதப் பிரசவ அபாயம். மருந்தில்லாமல் விட்டால் 100 பேரில் 20க்கும் மேல் இப்படி ஆகும் என்பது பழைய பாடநூல் கணக்கு. 2015இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் அது மிகக் குறைவாகவே இருந்தது. இருந்தாலும் வந்தபின் படும் பாட்டுக்கு சில நாள் மாத்திரை எவ்வளவோ மேல்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார். ஒரு மில்லி லிட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல், அதுவும் ஒரே வகைக் கிருமி என்றால் சந்தேகமில்லை. பல வகை கலந்து வளர்ந்திருந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து வந்த கலப்படம், மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதனால்தான் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்கிறோம். தயவுசெய்து அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டையை மட்டும் நம்பினால் பாதிக்குப் பாதி தவறிப்போகலாம், கல்ச்சர்தான் சரி.

பார்லி தண்ணீர் தாராளமாகக் குடி. மருந்துக்குப் பதிலாக வேண்டாம், அவ்வளவுதான்.

தெம்பனிஸ்_தாய்:
எனக்கும் மூத்தவளுக்கு இப்படித்தான். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மருந்தைத் தொடுமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து முடிந்தபின் மறுபடி கல்ச்சர் உண்டா என்றும் கேளுங்கள், திரும்ப வரக்கூடியது இது.

ஈசூன்_மருமகள்:
ஒவ்வாமை இல்லை. ரிப்போர்ட்டில் ஒரே கிருமிதான், லட்சத்துக்கு மேல். இன்று இரவே தொடங்குகிறேன் அக்கா. மாமியாரிடமும் படித்துக் காட்டினேன்.

செங்காங்_அக்கா:
நல்லது. நடுவில் காய்ச்சலோ விலாப்பக்கம் வலியோ வந்தால் செக்கப் தேதிவரை காத்திருக்காதே, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ.