புதுப்பிப்பு: பாரின் வேகத்தைக் கருவியின்றிக் கணிக்க முடியுமா?

எடை தூக்கும்போது பாரின் (எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புத் தண்டின்) வேகத்தை உடலுணர்வால் மட்டும் எவ்வளவு துல்லியமாகக் கணிக்கலாம் என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். அதன் பிறகு, ஒவ்வொரு தூக்கலின் முடிவிலும் முதலில் என் கணிப்பைக் குறித்துக்கொண்டு, உடனே வேகத்தை அளக்கும் கருவி காட்டும் அளவைப் பார்க்கும் முறையைப் பின்பற்றி வருகிறேன்.

இந்த உடனடி ஒப்பீடுதான் கணிப்பைக் கூர்மையாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஒரு பயிற்சியில் பழகிய கணிப்பை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுசெல்ல முடியாது: ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையில், பாரின் சராசரி வேகம் பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) நொடிக்கு ஏறத்தாழ 0.15 முதல் 0.2 மீட்டர் வரையும், ஸ்குவாட்டில் (பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும் பயிற்சி) ஏறத்தாழ 0.3 மீட்டராகவும் இருப்பதால், பெஞ்ச் பிரஸ்ஸில் இன்னும் வலு மிச்சமிருப்பதைக் காட்டும் வேகம் ஸ்குவாட்டில் எல்லையையே குறிக்கக்கூடும்.

களைப்பு தனிச் சிக்கல். செட்டின் (ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் தூக்கல்களின்) இறுதியில் முயற்சி கூடுகிறது, வேகம் குறைகிறது. இவ்விரண்டையும் பிரித்துணர்வது கடினம். ஒவ்வொரு முறையும் முழு வேகத்தோடு தள்ள முயலாவிட்டால் கருவியின் எண்ணுக்கும் பொருளில்லை (இதைப் பலர் கவனிப்பதில்லை). வேகம் 20 விழுக்காடு குறைந்ததும் செட்டை நிறுத்தும் திட்டத்தில் இருப்போர் கருவியையே நம்பட்டும். வேகம் தளரத் தொடங்கிவிட்டதா என்று மட்டும் அறிய விரும்புவோருக்குப் பழகிய உணர்வு போதும்.